வழிச்செல்வோர் கண்ட மலையும் உண்ட உணவும் எதிர்கொண்ட விலங்கும்: மலைபடுகடாம், இப்னு பதூதாவின் ஆப்பிரிக்கப் பயணக் குறிப்பு – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திருவண்ணாமலைக்கு மேற்கே அமைந்த செங்கம் வட்டாரத்தைக் களமாகக் கொண்ட மலைபடுகடாம், காட்சி, உணவு, விலங்கு ஆகிய மூன்றையும் வழிச்செல்வோர் நோக்கில் விரித்துரைக்கும் நூலாகும். 14ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலும் தமிழகத்திலும் பயணம் செய்த இப்னு பதூதாவின் குறிப்பும் இம்மூன்றையும் பேசுகிறது. இவ்விரு பனுவல்களும் புரவலரை நாடிச் செல்லும் விருந்தினரின் பார்வையில் அமைந்தவை. ஆயினும் ஒன்று இனிச் செல்லவிருப்போருக்கும், மற்றொன்று செல்ல இயலாதோருக்கும் கூறப்பட்டது. இவ்வேறுபாடு உணவையும் விலங்கையும் குறித்த அவற்றின் மதிப்பீட்டை எங்ஙனம் மாற்றுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அதன் வழியாக அடி அண்ணாமலையைக் கடந்து செல்லும் இன்றைய கிரிவலப் பயணத்தையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், ஆற்றுப்படை, செங்கம், அடி அண்ணாமலை, இப்னு பதூதா, விருந்தோம்பல், கிரிவலம்.

முன்னுரை

தமிழில் பயண இலக்கியம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அச்சு ஊடகத்தின் வருகைக்குப் பிற்பட்ட நூல்களையே முதன்மைப்படுத்துகின்றன. ஏ.கே.செட்டியார், சோமலெ முதலியோரின் நூல்கள் இவ்வகையில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆற்றுப்படை நூல்களோ புறத்திணையின் ஒரு துறையாக, புரவலரைப் புகழும் பாடல்களாகவே பெரிதும் அணுகப்பெற்று வந்துள்ளன. பரிசில் பெற்று மீள்பவர் தாம் கடந்து வந்த வழியைப் பெறாதவர்க்கு எடுத்துரைப்பதே ஆற்றுப்படையின் அமைப்பு. ஆகவே வழியைப் பற்றிய அறிவு அதன் உள்ளீடாகிறது. புகழ்ச்சி அவ்வழியின் முடிவில் நிற்கிறது.

பத்துப்பாட்டுள் பத்தாவதாக வைக்கப்பெற்ற மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இதனை இயற்றினார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னன் ஆவான். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். நூலில் கூறப்படும் நவிரமலை பருவதமலை எனவும், சேயாறு இன்றைய செய்யாறு எனவும் அடையாளங் காணப்படுகின்றன. செங்கம் ரிஷபேசுவரர் கோயிலிலுள்ள சோழர் காலக் கல்வெட்டொன்று இப்பாட்டைச் சுட்டுவது, இந்நூல் தன் நிலத்தோடு கொண்டிருந்த உறவு தொடர்ந்து நினைவிலிருந்தமைக்குச் சான்றாகும்.

அண்ணாமலையின் மேற்கு அடிவாரத்தில், செங்கத்தை நோக்கிய பக்கத்தில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலும், திருவெம்பாவையோடு தொடர்புபடுத்தப்பெறும் மாணிக்கவாசகர் கோயிலும் இங்கு உள்ளன. மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதை இவ்வூரின் வழியாகச் செல்கிறது. அப்பாதையின் தென்பகுதி சிறிது தொலைவு செங்கம் சாலையோடு ஒன்றாகவே செல்வது கருதத்தக்கது. கூத்தர் நடந்த வழி இதுவே என்று கூறுவதற்கு நூலில் சான்றில்லை; மலைபடுகடாத்தில் அண்ணாமலை இடம்பெறவுமில்லை. ஆயினும் ஒரே நிலப்பரப்பில், இடைவெளி பெரிதாயினும், இருவகை வழிநடைகள் நிகழ்ந்துள்ளன என்பது ஒப்பீட்டிற்கு இடந்தருகிறது.

இப்னு பதூதாவும் தமிழகமும்

மொராக்கோவின் தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா 1325இல் பயணத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ 1331இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் சைலா, மொகதிசு, மொம்பாசா, கில்வா ஆகிய துறைகளைக் கண்டார். 1352, 1353 ஆகிய ஆண்டுகளில் சகாரா பாலைவனத்தைக் கடந்து மாலிப் பேரரசில் பயணம் செய்தார். அவர் சொல்ல இப்னு சுசய் எழுதிய பயணநூல் 1355இல் நிறைவுற்றது.

இவ்விரு ஆப்பிரிக்கப் பயணங்களுக்கும் இடையில் அவர் தமிழகத்திற்கும் வந்தார். இலங்கையிலிருந்து புறப்பட்ட கப்பல் பழுதுற்றதால் மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரையில் ஒதுங்கிய அவர், மதுரைச் சுல்தான் கியாசுத்தீனைச் சந்தித்தார். அச்சுல்தானால் கொல்லப்பட்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளனின் உடல்தோல் மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிடப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாக அவர் குறித்துள்ளார். வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் தலைநகர்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தவன். அண்ணாமலையார் கோயிலின் வல்லாள மகாராசா கோபுரம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாசி மாதத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் அண்ணாமலையாரே அவனுக்கு மகனாக நின்று நீர்க்கடன் ஆற்றும் சடங்கு இன்றும் நிகழ்கிறது. ஒரு பயணி வியப்போடும் வெறுப்போடும் பதிவு செய்த இறப்பை, அவன் வாழ்ந்த ஊர் ஆண்டுதோறும் உறவினரின் கடனாக நினைவுகூர்கிறது. பயணியின் குறிப்பும் ஊரின் நினைவும் ஒரே நிகழ்வை எவ்வாறு வேறுவேறாகப் பேணுகின்றன என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

உணவு: விருந்தும் மதிப்பீடும்

மலைபடுகடாத்தில் உணவு நிலத்திற்கேற்ப மாறுகிறது. மலைச்சாரலில் உள்ள சிற்றூரை அடையும் கூத்தர், தாம் நன்னனின் கூத்தர் என்று கூறித் தம் வீட்டில் நுழைவதுபோலவே நுழையலாம். அங்கு நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு கிடைக்கும். மேலும் செல்கையில், மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்தேறல், கடமான், முள்ளம்பன்றி, உடும்பு ஆகியவற்றின் தசை, பலாக்கொட்டை மாவு, புளியும் மோரும் கலந்து உலையேற்றிய மூங்கிலரிசிச் சோறு ஆகியவை வீடுதோறும் கிடைக்கும். அவ்வீட்டார் விருந்தினரைத் தம் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவதுபோல அன்பால் தடுத்து உண்பிப்பர். முல்லை நிலத்தில் பாலும், அவரை விதையும் மூங்கிலரிசியும் சேர்ந்த புளிங்கூழும், மருத நிலத்தில் வரால் மீனும் வெண்சோறும் கள்ளும் கிடைக்கின்றன. இவ்வரிசை ஒரு நிலநூல்போல அமைந்துள்ளது. விளைச்சல் மாற மாற உணவும் மாறுகிறது. உணவைக் கொண்டே எந்நிலத்தை அடைந்துள்ளோம் என்பதை வழிச்செல்வோர் அறியலாம்.

இப்னு பதூதாவும் உணவை நுணுகிக் காண்பவரே. மொகதிசுவில் நெய்யிட்டுச் சமைத்த சோற்றின் மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றாலான குழம்புகள் இடப்பட்டதையும், வாழைக்காயைப் பாலில் வேகவைத்ததையும், தயிரோடு எலுமிச்சை, மிளகு ஊறுகாய்களும் பச்சை இஞ்சியும் மாங்காயும் வைக்கப்பட்டதையும் அவர் விவரிக்கிறார். வெற்றிலையும் பாக்கும் அளித்து வரவேற்கப்பட்டதையும் குறிக்கிறார். இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளும் ஒரே விருந்துமுறையால் இணைந்திருந்தமையை இக்குறிப்பு புலப்படுத்துகிறது. தமிழகக் கரையில் ஒதுங்கியபோது அவ்வூரார் நல்ல மீனும், பஞ்சு போன்ற உட்பகுதியில் இனிய சாறு நிறைந்த ஒரு பழமும் கொண்டுவந்து அளித்ததாக அவர் கூறுவது பனம்பழத்தையே குறிப்பதாகலாம்.

ஆனால் மாலியில் அவருடைய தொனி மாறுகிறது. பாலைவனத்தைக் கடந்து வலாத்தா நகரை அடைந்தபோது, இடித்த கம்பு அல்லது தினை வகைத் தானியத்தில் சிறிது தேனும் பாலும் கலந்து சுரைக்குடுவையில் அளித்தனர். இதற்காகவா அழைத்தனர் என்று அவர் ஏமாற்றமடைந்தார். பின்னர் மாலி அரசர் மன்சா சுலைமான் அனுப்பிய வரவேற்புப் பரிசு மூன்று அப்பங்களும் பொரித்த மாட்டிறைச்சித் துண்டும் ஒரு குடுவைத் தயிருமாக இருக்கக் கண்டு நகைத்தார். கிழங்குவகை மாவால் செய்த களியை உண்டபின் உடனிருந்த அறுவருள் ஒருவர் இறந்ததும், தாம் இரண்டு திங்கள் நோயுற்றிருந்ததும் இம்மனநிலையை மேலும் கசப்பாக்கியிருக்கக் கூடும்.

சிறுதானியமும் தேனும் இரு பனுவல்களிலும் வருகின்றன என்பது கருதத்தக்கது. ஒன்றில் அது நிறைவான விருந்து. மற்றொன்றில் அது அவமதிப்பு. வேறுபாடு உணவில் இல்லை, உண்பவரின் எதிர்பார்ப்பில் உள்ளது. தில்லிச் சுல்தானிடம் நீதிபதியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அரசர்கள் ஆடையும் பொன்னும் அளித்து வரவேற்பதையே இயல்பாகக் கொண்டிருந்தார். மலையின் உணவைக் கூத்தர் மலையின் அளவுகோலால் ஏற்கின்றனர். மாலியின் உணவை இப்னு பதூதா தில்லியின் அளவுகோலால் அளக்கிறார்.

எனினும் மலைபடுகடாத்தின் விருந்தோம்பலை வரலாற்று உண்மையாக அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. இது நன்னனைப் புகழும் நூல். குறவரும் ஆயரும் உழவரும் மகிழ்ந்து விருந்தளிப்பது அவன் ஆட்சியின் சிறப்பாகவே காட்டப்படுகிறது. நன்னனின் கூத்தர் என்ற அடையாளமே வீடுகளின் வாயிலைத் திறக்கிறது. அவ்வடையாளம் இல்லாத வழிப்போக்கருக்கு அதே விருந்து கிடைத்திருக்குமா என்ற வினாவை நூல் எழுப்புவதில்லை. மறுபுறம், இப்னு பதூதாவும் புரவலரை எதிர்பார்த்து நின்றவரே. நான்கு திங்களாகியும் வரவேற்புப் பரிசு தரவில்லையே, பிற அரசரிடம் உம்மைப் பற்றி என்ன சொல்வேன் என்னும் கருத்துப்பட மன்சா சுலைமானிடம் அவர் முறையிட்டதும், அதன்பின் வீடும் உதவித்தொகையும் பெற்றதும் அவர் நூலிலேயே உள்ளன. பயணியின் சொல்லே பரிசிலுக்கு ஈடாகக் கொடுக்கப்படும் பொருள் என்பதை அவர் மறைக்கவில்லை. கூத்தரின் நிலையும் இதுவே. இவ்வகையில் இரு பனுவல்களும் ஒரே பொருளியலின் விளைவுகளாகும்.

விலங்கு: எச்சரிக்கையும் வியப்பும்

மலைபடுகடாத்தில் விலங்குகள் பெரும்பாலும் அறிவுரையோடு இணைந்தே வருகின்றன. தினைப்புனங்களில் பன்றிகளுக்கு அஞ்சி வைத்த கல்லடார்ப் பொறிகள் இருப்பதால் இருளில் செல்லாது விடிந்தபின் செல்ல வேண்டும். பாம்புகள் ஒடுங்கிய குழிகளை உற்று நோக்கிக் கடக்க வேண்டும். யானைகளை விரட்டக் காவலர் எறியும் கவண்கல் உயிரைக் கொல்லும் ஆதலின் மரங்களை மறைவாகக் கொண்டு செல்ல வேண்டும். வழியில் குறுக்கே கிடப்பது விழுந்த மரம்போலத் தோன்றினும் அது மலைப்பாம்பாக இருக்கலாம். இரவில் மலைக்குகைகளில் வீட்டில் புகுந்தவர்போலத் தங்க வேண்டும். வழி தவறினால் இசைக்கருவிகளை முழக்கினால் கானவர் வந்து பழங்கள் தந்து வழிகாட்டுவர்.

இவ்வறிவுரைகளில் பொறி, கவண் ஆகிய இரண்டும் விலங்கால் வரும் ஊறுகள் அல்ல. விலங்கைத் தடுக்க மனிதர் செய்த ஏற்பாடுகளால் வருவன. பயிர் செய்வோருக்கும் யானை, பன்றிகளுக்கும் இடையிலான போராட்டத்தின் நடுவே வழிச்செல்வோர் நுழைகின்றனர் என்பதை நூலாசிரியர் நன்கு அறிந்துள்ளார். காடு வெறும் காட்சிப்பொருளன்று. அது பிறருடைய வாழிடமும் விளைநிலமும் ஆகும்.

மலையில் எழும் ஒலிகளைத் தொகுத்துக் கூறும் பகுதியில் விலங்கின் துயரும் இடம்பெறுகிறது. புலியால் தாக்குண்ட கன்றுக்காகப் பிளிறும் யானை, பாறைப் பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தி தன் கூட்டத்தோடு எழுப்பும் ஓலம், புலி கிழித்த புண்ணுற்ற கணவருக்காக மகளிர் பாடும் பாட்டு ஆகியவை ஒரே வரிசையில் நிற்கின்றன. இவ்வொலிகளை யானையின் மதத்தோடு ஒப்புமைப்படுத்தியதே நூற்பெயருக்குக் காரணம். மனிதத் துயரும் விலங்கின் துயரும் இங்குத் தரம் பிரிக்கப்படவில்லை.

இவ்வுணர்வுக்கு வட்டாரத் தொல்லியலிலும் இணை உண்டு. 1972இல் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பு இப்பகுதியின் நடுகல் செல்வத்தை வெளிப்படுத்தியது. கூத்தர் வழியிலுள்ள நடுகற்களை வணங்கிச் செல்ல வேண்டும் என்று மலைபடுகடாமும் கூறுகிறது. எடுத்தனூரில் கிடைத்த பல்லவர் கால நடுகல், ஆநிரை மீட்டு இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சுட்டிப் போற்றுகிறது.

இப்னு பதூதாவின் விலங்குக் குறிப்புகள் வியப்பின்பாற்பட்டவை. நைசர் ஆற்றின் கிளையொன்றை அடைந்தபோது நிலவொளியில் 16 பெரிய விலங்குகளைக் கண்டு யானைகள் என்று எண்ணினார். அவை நீரில் இறங்கக் கண்டு வியந்து வினவியபோது, அவை ஆற்றுக் குதிரைகள் என்று உடன்வந்தவர் விளக்கினார். குதிரையின் தலையும் யானையின் காலும் கொண்டவை என அவர் விவரிக்கும் இவை நீர்யானைகளே. அறியாத விலங்கை அறிந்த விலங்கின் உறுப்புகளால் விளக்கும் இம்முறை, அவ்விலங்கைக் காண இயலாத கேட்போருக்கு ஏற்றது.

ஆயினும் அவர் நூலின் ஒரு நிகழ்வு ஆற்றுப்படையின் எச்சரிக்கை மரபை நெருங்குகிறது. ஆற்றங்கரையில் அவர் இயற்கைக் கடன் கழிக்கச் சென்றபோது, உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து அவருக்கும் ஆற்றுக்கும் இடையே நின்றார். இதனை நாகரிகமற்ற செயலாகக் கருதிய இப்னு பதூதா பின்னர் அதனைப் பிறரிடம் கூறினார். முதலை தாக்காமல் காக்கவே அவர் இடையில் நின்றார் என்று அப்போது அறிந்தார். உணவில் தவறிய அவருடைய மதிப்பீடு, இங்கும் தவறியது. ஆனால் இம்முறை அத்தவற்றை அவரே பதிவு செய்கிறார். விருந்தளித்த நாட்டாரின் அறிவு, விருந்தினரின் உயிரைக் காத்ததென்னும் உண்மை, அவர் கருத்தையும் மீறி நூலில் நிலைபெற்றுவிட்டது.

காட்சி: நோக்குவதன் ஒழுங்கு

மலைக்காட்சிகளை மிகுதியாகப் பாடும் மலைபடுகடாம், காண்பதற்கு ஓர் எல்லையும் வகுக்கிறது. உயர்ந்த சாரலில் தேனடைகளைக் கண்டாலும் சட்டென்று திரும்பி நோக்குதல் கூடாது. நோக்கினால் அடி வழிமாறும் என்பது அதன் கருத்து. காட்சியின்பம் தடுக்கப்படவில்லை, நடக்கும் கால் மறக்கப்படக் கூடாது என்பதே அறிவுரை.

கவலை வழிகளை அடையும்போது கூத்தர் செய்ய வேண்டிய ஒரு செயலும் கூறப்படுகிறது. வழிகள் பிரியும் இடத்தைத் துடைத்து, சரியான வழியில் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்ல வேண்டும். அவ்வடையாளம் கூத்தருக்குப் பயன்படுவதன்று. பின்வரும் அறியாதோர்க்குப் பயன்படுவது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் நோக்கமே இச்செயலில் அடங்கியுள்ளது. இந்நூலின் வினைச்சொற்கள் பெரும்பாலும் ஏவலாகவும் எதிர்காலமாகவும் அமைவதற்கும் இதுவே காரணம். இப்னு பதூதாவின் நூலோ இறந்தகாலத்தில் நிகழ்கிறது; அது கண்டவற்றின் சேமிப்பு.

அடி அண்ணாமலையும் இன்றைய வழிநடையும்

முழுநிலா நாள்களில் பல இலட்சம் மக்கள் அண்ணாமலையைச் சுற்றி நடக்கின்றனர். காட்சி, உணவு, விலங்கு என்னும் மூன்றும் இன்றும் இவ்வழிநடையில் உள்ளன. அடி அண்ணாமலைப் பகுதியில் மலை மேற்கிலிருந்து தோன்றும் காட்சியும், வழிநெடுகிலும் வழங்கப்பெறும் அன்னதானமும், அடிவாரக் காட்டின் குரங்கும் புள்ளிமானும் இதற்குச் சான்றாகும். வீடுதோறும் உண்பிக்கும் பழைய விருந்தின் தொடர்ச்சியை அன்னதானத்தில் காணலாம். இங்கு உண்பவர் யாருடைய கூத்தர் என்று கேட்கப்படுவதில்லை. அவ்வகையில் மலைபடுகடாத்தின் விருந்தைவிட இது பரந்தது.

ஆனால் விருந்தளிப்போரும் உண்போரும் பெரும்பாலும் வெளியூரார். தமக்குரிய விளைநிலத்தின் உணவைத் தமக்குரிய வீட்டில் அளிக்கும் உள்ளூராரின் இடம் சுருங்கியுள்ளது. உணவு, எந்நிலத்தில் நிற்கிறோம் என்பதை இப்போது உணர்த்துவதில்லை. விலங்கைப் பொறுத்தவரை, அன்று வழிச்செல்வோர் விலங்கிடமிருந்து காக்கப்பட வேண்டியிருந்தது. இன்று சாலையைக் கடக்கும் மான் வழிச்செல்வோரிடமிருந்தும் ஊர்திகளிடமிருந்தும் நாய்களிடமிருந்தும் காக்கப்பட வேண்டியுள்ளது. 2016இல் கிரிவலப் பாதை விரிவாக்கத்திற்காக மரங்கள் வெட்டப்பட்டமை எதிர்ப்பை எழுப்பியதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டதும், வழியின் வசதியும் காட்டின் இருப்பும் மோதும் நிலையை வெளிப்படையாக்கின.

முடிவுரை

மலைபடுகடாமும் இப்னு பதூதாவின் பயணநூலும் புரவலரை நாடிய விருந்தினரின் பனுவல்கள் ஆதலின், இரண்டும் விருந்தளித்தோரை முழுமையாகக் காட்டுவன அல்ல. எனினும் முன்னது பின்வருவோருக்காகக் கூறப்பட்டமையால், உள்ளூராரின் அறிவைத் தன் மையமாகக் கொள்ள வேண்டியிருந்தது. எந்தக் குழியில் பாம்பு உண்டு என்பதைக் குறவரே அறிவர். பின்னது செல்லாதோருக்காகக் கூறப்பட்டமையால் பயணியின் வியப்பும் மதிப்பீடும் மையமாயின. உள்ளூராரின் அறிவு முதலையை மறைத்து நின்ற மனிதரைப் போல ஓரத்தில் வெளிப்படுகிறது. ஆகவே பயணக் குறிப்புகளை ஆராயுங்கால் பயணி எங்குச் சென்றார் என்பதோடு யாருக்குச் சொன்னார் என்பதையும் வினவுதல் இன்றியமையாதது.

ஆற்றுப்படைகளைப் பயண இலக்கிய வரலாற்றின் தொடக்கத்தில் வைத்து எண்ணுவதற்கு இவ்வினா வழிவகுக்கிறது. அண்ணாமலை அடிவாரத்தில் இன்று நடப்போர்க்கும் அது பொருந்தும். அவ்வழியில் வாழும் மக்களும் மானும் மரமும் அடுத்து வருவோர்க்கும் இருக்குமாறு நடத்தலே, கூத்தர் முடிந்து வைத்த புல்லுக்கு இன்றைய ஈடாகும்.